பாதரசம் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது?

கீழே இருந்து கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் எங்களிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு: "உங்க ஊர்த் தண்ணியில பாதரசம் இருக்காமே, குடிக்கலாமா?" கேட்கும்போதே பாதிப் பேர் பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். சிலருக்கு ஊரே விஷம், இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. சிலருக்கு இதெல்லாம் போராட்டக்காரர்கள் கிளப்பிவிட்டது, பள்ளிக்கூட நாளில் பாதரசத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டி விளையாடியிருக்கிறோமே, என்ன ஆகிவிட்டது? இரண்டுமே அரைகுறைப் பதில், காரணம் கேள்வியே அரைகுறை. ஒரு மாசுப்பொருள் ஊரில் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிட்டால் ஒன்றும் தெரியாது. அது எந்த வடிவில் இருக்கிறது, உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு, எத்தனை நாளாக, யாருடைய உடம்புக்குள் என்று தொடர்ந்து கேட்டால்தான் விஷயம் பிடிபடும். இதில் "எந்த வழியாக" என்பதைத்தான் நாம் கேட்கவே மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

பாதரசத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே பல வருஷம் பாதரச தெர்மாமீட்டர் ஆலை ஒன்று ஓடியதால் எங்கள் ஊருக்குப் பழகிய பொருள் என்பது ஒரு பக்கம். ஒரே உலோகம் வேறு வேறு வேஷத்தில் வந்து வேறு வேறு வழியில் உடம்பைக் கெடுப்பதால், இந்தப் பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி தெர்மாமீட்டரைக் குழந்தை கடித்து உடைத்து, உள்ளே இருந்த பாதரசத்தை முழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடே அலறும். ஆனால் முழுங்கிய பாதரசத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. அப்படியே மலத்தோடு வெளியே வந்துவிடும். உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான், ஆனால் உடைந்த கண்ணாடி வாயையோ தொண்டையையோ கிழித்திருக்குமா என்று பார்க்கத்தான் முதலில் ஓட வேண்டும். இப்போது அதே தெர்மாமீட்டர் கட்டிலுக்கு அடியில் விழுந்து உடைகிறது. யாரும் கவனிக்கவில்லை, பாதரசம் பலகைத் தரையின் இடுக்குகளுக்குள் போய்விட்டது, குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் அறை, குழந்தை தினமும் அங்கேதான் தூங்குகிறது. யாரும் அலறமாட்டார்கள். ஆனால் பாதரசம் அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும், நிறமும் இல்லை மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும் அந்த ஆவியில் சுமார் 80 சதவீதம் நுரையீரலிலிருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றுக்குள் போனது சும்மா வந்துவிட்டது, மூக்கு வழியாகப் போனது தங்கிவிட்டது. பொருள் ஒன்றுதான், அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஏன் இப்படி? குடலில் இருப்பது திரண்ட உலோகத் துளி, அது கரைவதே இல்லை, கரையாத பொருளைக் குடல் சுவர் உள்ளே விடாது. ஆவியில் இருப்பதோ தனித்தனி அணுக்கள், மின்சுமை இல்லாதவை, கொழுப்பில் எளிதாகக் கரைபவை. நம் செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால் அவை தடையில்லாமல் ஊடுருவிவிடும். ரத்தத்தில் கொஞ்ச நேரம் அப்படியே சுற்றி மூளைக்கும் போகும். வேண்டாத பொருள்கள் மூளைக்குள் போகாமல் ரத்தக்குழாய்களின் சுவரிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது, பாதரச ஆவி அதையும் தாண்டிவிடும். உள்ளே போன பிறகு அங்குள்ள ஒரு நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்து மின்சுமையுள்ள அயனியாக மாற்றிவிடுகிறது, மின்சுமை வந்துவிட்டால் வந்த வழியே திரும்பிப் போக முடியாது. அங்கேயே கிடந்து புரதங்களில் உள்ள கந்தகத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். நம் உடம்பில் வேலை செய்யும் நொதிகள் பலவற்றுக்கு அந்தக் கந்தகம் இருக்கும் இடம்தான் முக்கியமான இடம், அதைப் பாதரசம் அடைத்துக்கொண்டால் நொதி வேலையை நிறுத்திவிடும்.

மூளையில் இப்படி நடக்கும்போது கை நடுங்கும், எழுத்து கோணலாகும், தூக்கம் கெடும், மறதி வரும். இன்னொன்றும் வரும், அதைத்தான் வீட்டில் யாரும் நோய் என்று நினைக்கவே மாட்டார்கள்: கலகலப்பாக இருந்த ஆள் காரணமில்லாமல் எரிந்து விழுவார், நாலு பேர் எதிரில் வரக் கூச்சப்படுவார். பழைய காலத்தில் ஐரோப்பாவில் தொப்பி செய்கிறவர்கள் முயல் போன்ற விலங்குகளின் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள், அவர்களிடம் இந்தக் குணமாற்றம் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஈறு வீங்கி ரத்தம் கசிவதும் உண்டு. ரத்தத்தில் மிஞ்சிய பாதரசம் சிறுநீரகத்தில் போய்ச் சேரும், அங்கே வடிகட்டும் வேலை கெட்டுச் சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பிக்கும்.

மலை குளிர்ச்சியான இடம், அதனால் ஆவி அதிகம் வராது என்று ஒரு வாதம் எங்கள் பக்கம் உண்டு. கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூடிய இடத்தில் பாதரசம் கிடந்தால் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் வரை ஆவி நிறைய முடியும், 10 டிகிரியில் சுமார் ஐந்தரை மில்லிகிராம்தான். பாதிக்கும் குறைவு. ஆனால் காற்றில் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாகச் சொல்லும் வழிகாட்டு அளவு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றோட்டமுள்ள அறையில் அந்த உச்ச அளவு வராது, சரி, ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியில் குளிர் பாதியாகக் குறைத்ததெல்லாம் ஒரு ஆறுதலா?

தெர்மாமீட்டர் ஆலை

செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே உள்ள சரிவில், பாதரச தெர்மாமீட்டர் செய்யும் ஆலை 1980களின் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்துடையது, பிறகு அதை யூனிலீவர் வாங்கியதால் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு மார்ச்சில், எங்கள் ஊர் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள், அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பப் போனது. தொழிலாளர்கள் உடல்நலத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். ஆலையால் யாருடைய உடம்பும் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. கடைசியில் 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அரசியலும் சட்டமும் அவ்வளவோடு இருக்கட்டும், உடம்புக் கணக்குக்கு வருவோம்.

காற்றில் பாதரசம் பரவியிருந்ததா என்பதை அறிய ஆய்வாளர்கள் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மரத்திலும் பாறையிலும் படர்ந்திருக்கும் பாசியும் மரப்பாசிச் செதில்களும். இவற்றுக்கு மண்ணுக்குள் போகும் வேர் கிடையாது. ஈரத்தையும் சத்தையும் காற்றிலிருந்தும் மழை, பனியிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் அவற்றில் பாதரசம் இருந்தால் அது காற்றில் வந்தது என்று கொஞ்சம் துணிந்தே சொல்லலாம். கொடைக்கானலில் எடுத்த பாசிகளில் பாதரசம் இருப்பதை அளந்து ஆய்விதழிலும் வெளியிட்டார்கள். சோலைக்காட்டுப் பாசி சாட்சி சொல்ல வந்த கதை இது.

வேலை செய்யும் இடத்து மாசு அந்த இடத்தோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாதரசத் துளிகள் சட்டையின் தையலிலும் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையைத் துவைப்பவருக்கும், அப்பா வந்தவுடன் மடியில் ஏறும் பிள்ளைக்கும் ஆலைக்குள் கால் வைக்காமலே பங்கு கிடைத்துவிடும். ஈயம், கல்நார் போன்றவற்றிலும் இதே கதைதான் உலகம் முழுக்க. வேலை முடிந்ததும் ஆலையிலேயே குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் வந்தது.

போனது எப்போது வெளியே வரும்?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் உள்ளே ஊற்றுகிறது, கீழே ஒரு குழாய் வெளியே விடுகிறது. உள்ளே வருவது கொஞ்சமாக இருந்தாலும் வெளியே போவது அதைவிட மெதுவாக இருந்தால் தொட்டி ஏறிக்கொண்டே போகும். வெளிக்குழாய் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு அரை ஆயுள் என்று பெயர், உள்ளே இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம். மூச்சில் போன பாதரசத்துக்கு அது சுமார் இரண்டு மாதம். 100 பங்கு இருந்தால் இரண்டு மாதத்தில் 50, நான்கு மாதத்தில் 25, ஒரு வருஷத்தில் இரண்டு பங்குக்கும் கீழே. மூளையில் புகுந்த பகுதி மட்டும் இதைவிட வெகு மெதுவாக வெளியேறும்.

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆலை மூடிப் பல வருஷம் கழித்து ஒரு தொழிலாளியின் சிறுநீரைச் சோதித்தால் பாதரசம் சாதாரண அளவில்தான் இருக்கும், இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. "பார்த்தீர்களா, உடம்பில் பாதரசமே இல்லை" என்று அந்தத் தாளைக் காட்டினால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. பாதரசம் போய்விட்டது, சரி. அது இருந்தபோது கெடுத்த சிறுநீரகமும் நரம்பும் கூடவே சரியாகிவிட்டதா? செத்த நரம்புச் செல் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. பொருள் உடம்பை விட்டுப் போவது வேறு, பாதிப்பு போவது வேறு. தொழில்நோய் வழக்குகளில் ஏழைகள் தோற்பதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம் என்றே எனக்குப் படுகிறது: வேலையில் இருக்கும்போது முறையாக எடுத்துப் பாதுகாத்த சோதனைத் தாள் இல்லை என்றால், பிறகு உடம்பில் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அரை ஆயுள் பொருளுக்குப் பொருள் எவ்வளவு மாறும் என்பதற்கு எங்கள் ஊர் குளிர்காலத்திலேயே உதாரணம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் கோழி சுட்டுவிட்டு மிச்சத் தணலோடு கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலையும் அடைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். காலையில் எழுந்திருக்காத செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கிறது. கரி சரியாக எரிய ஆக்சிஜன் போதாதபோது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கும் மணம் கிடையாது. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆள் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, குமட்டல், அசதி, அதைக் குளிர் என்றோ குடித்தது என்றோ நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வார். இதன் அரை ஆயுள் சாதாரணக் காற்றில் சில மணி நேரம்தான், முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். அதனால் நேரத்தோடு வெளியே தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். பாதரசம் மாதக்கணக்கில் வேலை செய்யும், இது ஒரே ராத்திரியில் முடித்துவிடும். இரண்டும் போவது ஒரே மூக்கு வழியாகத்தான். கேஸ் கீசர் வைத்த, வெளிக்காற்று வராத குளியலறையிலும் இதே ஆபத்து உண்டு.

ஏரியும் மீனும்

பாதரசத்தின் அடுத்த வேஷம் மெத்தில் பாதரசம். காற்றில் போன ஆவி எங்கோ மழையோடு இறங்கும், ஏரி குளத்தில் சேரும், அடி வண்டலில் படியும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தோடு ஒரு கார்பன் தொகுதியைச் சேர்த்து மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. இங்கேதான் வழி திரும்புகிறது. உலோகப் பாதரசத்தை உள்ளே விடாத அதே குடல், மெத்தில் பாதரசத்தில் சுமார் 95 சதவீதத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. சேற்றிலிருந்து நுண்ணுயிர், அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும், கடைசியில் தண்ணீரில் இருப்பதைப்போல லட்சக்கணக்கான மடங்கு வரை மீனின் சதையில் சேர்ந்திருக்கும். சதையிலேயே கட்டுண்டு இருப்பதால் கழுவினாலும் போகாது, வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது.

1956 மே மாதம் ஜப்பானில் மினமாட்டா என்ற மீன்பிடி ஊரில் இது அதிகாரப்பூர்வமாக வெளியே தெரிந்தது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பல ஆண்டுகளாகக் கழிவைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. முதலில் பைத்தியம் பிடித்ததுபோலத் துள்ளிச் செத்தவை மீன் தின்ற பூனைகள், பிறகு மனிதர்கள்: கை கால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. பாதிக்கப்பட்டவர்களாக அரசு ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே 2,000 பேருக்கு மேல். அங்கே டாக்டர்களை அதிரவைத்தது தாய்மார்கள் விஷயம். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வயிற்றில் இருந்த பிள்ளை கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட அதிகமாகவே சேர்ந்துவிடும். கருவில் மூளை கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அது போய் நடுவில் நிற்கிறது. பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் 2013இல் செய்த உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள், இந்தியாவும் அதில் இருக்கிறது.

நம் ஏரிக்கு வருவோம். 1863இல் வெட்டிக் கட்டிய ஏரி அது. ஏரித் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதனால் ஏரித் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட ஏரி மீனைப் பற்றிக் கேட்பதுதான் பொருத்தமான கேள்வி. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். கடல் மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்: நீண்ட நாள் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறா போன்ற பெரிய மீன்களில் அதிகம், மத்தி, நெத்திலி போன்ற பொடி மீன்களில் குறைவு. விலை குறைந்த மீன் உடம்புக்கு நல்லதாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

உலோகம், மெத்தில் இரண்டும் போக, உப்புகள் தனி. சித்த மருத்துவத்தில் வீரம், பூரம், இலிங்கம் என்று தனித்தனி சரக்குகளாக வைத்திருக்கிறார்களே, மூன்றிலும் பாதரசம் இருக்கிறது. வீரம் தண்ணீரில் கரையும், சில கிராம் போதும் ஆளைக் கொல்ல, சிறுநீரகம்தான் முதலில் போகும். கந்தகத்தோடு சேர்ந்த இலிங்கம் கிட்டத்தட்டக் கரையவே கரையாது, அதனால் உறிஞ்சப்படுவதும் வெகு குறைவு. குறைவு என்றால் பூஜ்யம் இல்லை. யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்ததை மாதக்கணக்கில் முழுங்க இது ஒரு காரணம் ஆகாது.

தோல்

தோல் நல்ல கவசம் என்று நினைக்கிறோம், பாதி நாள் அது உண்மை. உள்ளங்கையில் உருட்டிய பாதரசம் தோல் வழியாகப் பெரிதாகப் போகாது, பள்ளி நாள் விளையாட்டில் ஆபத்து மூக்கில்தான் இருந்தது. ஆனால் வடிவம் மாறினால் தோலும் கைவிடும். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியை 1996 ஆகஸ்டில் ஆய்வகத்தில் டைமெத்தில் பாதரசம் என்ற திரவத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவருடைய ரப்பர் கையுறையின் மேல் விழுந்தன. அது கையுறையைத் துளைக்காமலே ஊடுருவி, தோலையும் கடந்து உள்ளே போனது. மாதங்கள் கழித்துத்தான் நடை தடுமாற ஆரம்பித்தது, 1997 ஜூனில் இறந்துபோனார். நச்சு உலோகங்களை ஆராய்வதே அவர் வேலை.

டைமெத்தில் பாதரசத்தை நாம் யாரும் தொடப் போவதில்லை. பூச்சிமருந்தைத் தொடுகிறோம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி என்று எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் உருளை, கேரட், பீன்ஸ், பூண்டு, அவற்றுக்கு மருந்து அடிக்கிறவர்கள். முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகிச் சட்டையும் இடுப்பும் நனைந்தபடியே மத்தியானம் வரை அடிப்பதைப் பார்க்கலாம். முகத்தில் துண்டு கட்டியிருப்பார்கள், அது மூக்கு வழியை ஓரளவு மறைக்கும், ஆனால் தெளிக்கும்போது உடம்புக்குள் போகும் மருந்தில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் போகிறது. தோலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, முன்கையைவிடத் தலையும், தலையைவிட இடுப்புக்குக் கீழே மறைவிடத் தோலும் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். ஒழுகும் டேங்க் நனைப்பது சரியாக அந்த இடத்தை.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் செய்வது இதுதான்: நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்க ஒரு வேதிப்பொருளை விடுகிறது, வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது, மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை கொட்டும், வாயில் எச்சில் ஊறும், கண்ணீர் வரும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சுத் தசையே ஓய்ந்துவிடும். பூச்சிக்கும் இதே நொதிதான், அதனால்தான் மருந்துக்கு நம்மையும் அதையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. மருந்து ஏறிவிட்டது என்று தெரிந்தால் மோர் கொடுத்து உட்காரவைப்பதில் பிரயோசனம் இல்லை. நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பை நன்றாகக் கழுவி, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டப்பாவில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் எந்த மாற்று மருந்து என்று முடிவு செய்வார்.

எவ்வளவு, யாருக்கு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. நச்சியலின் முதல் பாடமே இதுதான், உப்புக்கும் தண்ணீருக்கும்கூடப் பொருந்தும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, அளவு குறைந்தால் நஞ்சும் நஞ்சல்ல என்று எல்லாப் பொருளுக்கும் சொல்ல முடியாது. ஈயம் அதற்குச் சாட்சி. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது, அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். பெரியவர் முழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே போகும், சின்னக் குழந்தைக்குப் பாதி வரை போய்விடும். தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, உதிர்ந்த பெயிண்ட் செதிலை நக்குகிறது, எடையும் குறைவு. ஒரே வீட்டில் ஒரே மாசு ஒருவரை ஒன்றும் செய்யாமல் இன்னொருவரைப் படுத்த இத்தனை காரணங்கள்.

அதனால்தான் ஆலை இருந்த இடத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் அவ்வளவு சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற அளவை ஊர்க்காரர்களும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். மண்ணை மிதித்து நடப்பவருக்கு அந்த எண் சரியாக இருக்கலாம். மழையில் மண் அரித்துச் சோலைக்குள் இறங்கி, ஓடையின் வண்டலில் படிந்து, பாக்டீரியா கையில் போனால் அதே 20க்கு வேறு அர்த்தம் வந்துவிடும். எந்த வழியை மனதில் வைத்து அளவை வைத்தார்கள் என்று கேட்காமல் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

சரி, தண்ணீர் குடிக்கலாமா? கொடைக்கானல் ஊருக்குக் குடிநீர் ஏரியிலிருந்து வருவதில்லை, மேலே அப்சர்வேட்டரிப் பக்க அணையிலிருந்தும் மனோரத்தினம் சோலை அணையிலிருந்தும் வருகிறது. உலோகப் பாதரசம் தண்ணீரில் கரைவதும் மிகக் குறைவு. இரண்டு நாள் தங்கிப் போகிறவர் சீசனில் லாரித் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த ஆலைக்குள் பல வருஷம் மூச்சு விட்டவருக்கு இந்தப் பதில் பொருந்தாது.

வீட்டில் பழைய பாதரச தெர்மாமீட்டர் இன்னும் கிடந்தால், அதில் சுமார் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, இரண்டுமே துளியைப் பொடித்துப் பரப்பி ஆவியை அதிகமாக்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, உள்கதவைச் சாத்தி, எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள், தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். இரண்டு தடித்த அட்டையால் துளிகளை ஒன்றாகத் தள்ளி, பொடித் துளிகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு மூடுங்கள். சிங்கில் ஊற்றக் கூடாது, அடுப்பில் போடவே கூடாது. துளி பட்ட மிதியடியைத் துவைக்காமல் தூக்கிப் போட வேண்டும். பாட்டிலைக் குப்பை வண்டியில் சாதாரணக் குப்பையோடு கொடுக்காமல், அபாயக் குப்பை என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள். பிறகும் யாருக்காவது சந்தேகம் இருந்து சோதனைக்குப் போனால், ஆவிக்குச் சிறுநீரையும் மீன் வழியாக வந்ததற்கு ரத்தத்தையோ தலைமுடியையோ பார்க்க வேண்டும், போன வாரம் உடைந்ததா போன வருஷம் உடைந்ததா என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.